ஒரு விநாடிக் கீச்சொலி

1995 ஜூன் 9 நண்பகலில் 'ராயல் மெஜஸ்டி' என்ற சொகுசுக் கப்பல் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குக் கிளம்பியது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிள் இணைப்பிலிருந்து கழன்றுகொண்டது. செயற்கைக்கோள் சமிக்ஞை நின்றதும் கருவி தனக்குச் சொல்லப்பட்டிருந்தபடி நடந்துகொண்டது. கடைசியாகத் தெரிந்த இடத்தை வைத்துக்கொண்டு, திசைகாட்டி காட்டும் திசை, வேகமானி காட்டும் வேகம் இரண்டையும் சேர்த்து உத்தேசக் கணக்குப் போட ஆரம்பித்தது. திரையின் ஓரத்தில் 'டிஆர்', 'எஸ்ஓஎல்' என்று பொடி எழுத்துகள் வந்தன. கூடவே, கைக்கடிகார அலாரம் போல ஒரு விநாடி கீச்சிட்டுவிட்டு அடங்கிவிட்டது.

காற்றும் நீரோட்டமும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளுவது அந்த உத்தேசக் கணக்கில் சேராது. மறுநாள் இரவு 10:25-க்கு, நான்டுக்கெட் தீவுக்குக் கிழக்கே ஒரு மணல்திட்டில் 1,509 பேரோடு கப்பல் தரைதட்டியபோது, அது தன் தடத்திலிருந்து சுமார் 17 மைல் விலகியிருந்தது. சுமார் 34 மணி நேரமாக யாரும் அதைக் கவனிக்கவில்லை. உயிர்ச்சேதம் இல்லை, நஷ்டம் சுமார் 70 லட்சம் டாலர். அதிகாரிகள் தானியங்கிக் கருவியை அளவுக்கு மீறி நம்பினார்கள் என்று விசாரணை வாரியம் சொன்னது. சரிதான். ஆனால் அந்தக் கருவி இருந்ததோ பின்பக்கத்து வரைபட மேடையில். அங்கே ஒரு விநாடி கீச்சிட்டால், முன்னால் நின்று கடலைப் பார்ப்பவருக்கு எப்படிக் கேட்கும்? யாராவது வந்து பொத்தானை அழுத்தும்வரை விடாமல் கத்தும் அலாரம் ஒன்றை அவருக்குக் கேட்கும் இடத்தில் மாட்டியிருந்தால், கதை முதல் நாளிலேயே முடிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சிறிய படகுகளின் நிலைமை இதைவிட மோசம். மீன்பிடிப் படகிலோ பாய்மரப் படகிலோ இருக்கும் ஜிபிஎஸ் பிளாட்டருக்கு, அதாவது வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் திரைக் கருவிக்கு, எச்சரிக்க நிறைய விஷயம் உண்டு. நங்கூரம் இழுபடுகிறது, ஆழம் குறைகிறது, குறித்துவைத்த கோட்டை நெருங்குகிறோம், சமிக்ஞை போய்விட்டது என்று எல்லாவற்றுக்கும் அதில் அலாரம் இருக்கிறது. ஆனால் அதன் வாய், உள்ளே ஒட்டியிருக்கும், மின்சாரத்தால் அதிர்ந்து ஒலிக்கும் ஒரு சின்னப் பீசோ தகடு. ராமேஸ்வரத்து விசைப்படகில் எல்லைக்கோட்டைத் திரையில் குறித்துவைத்து அலாரம் போட்டாலும், காலுக்குக் கீழே டீசல் எஞ்சின் உறுமும்போது அந்தத் தகடு என்ன செய்ய முடியும்?

இது சத்தம் போதாத சங்கதி மட்டுமல்ல. சின்னத் தகட்டால் கீழ்ச்சுருதியில் பலமாக ஒலிக்க முடியாது. அதனால் பெரும்பாலான பஸ்ஸர்கள் 2,500 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான கீச்சுக் குரலில்தான் கத்துகின்றன. இளம் காதுக்கு அது கூர்மையாகக் கேட்கும். ஆனால் பல வருடம் எஞ்சின் பக்கத்தில் வேலை செய்தவரின் காது முதலில் இழப்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைத்தான். உட்காதில் அந்தச் சுருதியை உணரும் மயிரிழைச் செல்கள்தான் இரைச்சலுக்கு முதலில் பலியாகின்றன. போதாக்குறைக்கு, உரத்த கீழ்ச்சுருதி ஒலி தனக்கு மேலே உள்ள சுருதிகளையும் மறைத்துவிடும்; மேல்சுருதி கீழ்ச்சுருதியை அந்த அளவுக்கு மறைக்காது. ஆக, எச்சரிக்கை மிகவும் தேவைப்படுகிற அனுபவசாலிக்குத்தான் அது மிகக் குறைவாகக் கேட்கிறது.

தூங்குகிறவருக்கு இன்னும் மோசம். மெல்பர்னில் டாரதி புரூக்கும் இயன் தாமஸும் தீ அலாரங்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், 3,100 ஹெர்ட்ஸ் கீச்சொலியைவிட 520 ஹெர்ட்ஸ் சதுர அலை ஒலி தூங்குகிறவர்களை எளிதாக எழுப்பியது. அமெரிக்கத் தீயணைப்பு விதிகள் பல இடங்களில் படுக்கையறைகளுக்கு இந்த 520 ஹெர்ட்ஸ் ஒலியைத்தான் கேட்கின்றன. ஆபத்துக் குறியொலிக்கான ஐஎஸ்ஓ 7731 தரம், சுற்றுப்புற இரைச்சலைவிட 15 டெசிபல் கூடுதலாக, 500 முதல் 2,500 ஹெர்ட்ஸுக்குள் ஒலி இருக்கட்டும் என்கிறது. ஆகவே பிளாட்டரின் அலாரத்தை உரக்க ஒலிக்கவைக்க வெளியே ஒரு சைரன் வாங்கும்போது டெசிபலை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள், சுருதியையும் கேளுங்கள். 110 டெசிபல் சைரனைத் தலைக்குப் பக்கத்தில் மாட்டுவதும் முட்டாள்தனம். மிச்சமிருக்கும் காதும் போய்விடும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது 6 டெசிபல் குறையும் என்ற கணக்கு, எங்கே மாட்டலாம் என்று முடிவெடுக்கப் போதும்.

இனி வயரிங். பல பிளாட்டர்களின் பவர் கேபிளில் எதற்கு என்றே தெரியாமல் டேப் சுற்றி விட்டுவிடுகிற ஒரு வயர் உண்டு. அதுதான் அலாரம் வயர். எந்த நிறம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டைப் பார்க்க வேண்டும். அந்த வயரில் மின்சாரம் வராது. அலாரம் அடிக்கும்போது உள்ளேயிருக்கும் டிரான்சிஸ்டர் அதை நெகட்டிவோடு இணைக்கும், அவ்வளவுதான். அதன் தாங்குதிறனும் குறைவு, பல கருவிகளில் 100 மில்லி ஆம்பியர். சைரனோ அதைப் பல மடங்கு இழுக்கும். நேரடியாகக் கொடுத்தால் டிரான்சிஸ்டர் கருகிவிடும்.

எனவே நடுவில் ஒரு ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச், வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் கார் ரிலேயின் காயில் சுமார் 85 ஓம். 12 வோல்ட்டில் அதுவே 140 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்ளும். எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் சின்ன ரிலேயில் 400 ஓம் காயில் இருக்கும், 30 மில்லி ஆம்பியரே போதும். காயிலின் ஒரு முனையைப் பிளாட்டருக்குப் போகும் பாசிட்டிவிலும், மறுமுனையை அலாரம் வயரிலும் இணைக்க வேண்டும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக ரிலேயின் காண்டாக்ட், அங்கிருந்து சைரன், பிறகு நெகட்டிவ். சைரன் இழுக்கும் மின்சாரத்தைக் காண்டாக்ட் தாங்குமா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். படகில் 24 வோல்ட் என்றால் ரிலேயும் சைரனும் அதற்கேற்றவையாக இருக்க வேண்டும்.

காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு ஒன்று அவசியம். வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம். மின்சாரம் நிற்கும் கணத்தில் காயிலின் காந்தப்புலம் சரிந்து தலைகீழ் மின்னழுத்தத்தை உண்டாக்கும். டையோடு அதை வாங்கிக்கொள்ளாவிட்டால் அதுவே டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். சில காசுக்குக் கிடைக்கும் பொருள், பல ஆயிரம் ரூபாய் கருவியைக் காப்பாற்றுகிறது.

உப்புக் காற்றுக்கு ஈயம் பூசிய செம்பு வயரும், பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயும் நல்லது. காந்தம் உள்ள ஹார்ன் என்றால் திசைகாட்டியிலிருந்து தள்ளி மாட்டுங்கள். அதோடு இந்தச் சுற்றில் ஒரு பிறவிக் குறை இருக்கிறது: வயர் அறுந்தால் அது மௌனமாகிவிடும், அறுந்ததென்று சொல்லாது. கரையை விட்டுக் கிளம்புமுன் ஆழ அலாரத்தை வேண்டுமென்றே பெரிய எண்ணில் வைத்து, சைரன் கத்துகிறதா என்று பார்ப்பதைத் தவிர இதற்கு வழியில்லை.

கத்துகிற அலாரத்துக்கு மனிதர்கள்தான் எதிரி. 2011 ஜூலை முதல் பெரிய கப்பல்களில் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்ட கண்காணிப்பு அலாரம், குறித்த நேரத்துக்குள் யாரும் பொத்தானை அழுத்தாவிட்டால் முதலில் ஒளிரும், பிறகு ஒலிக்கும், கடைசியில் கேப்டனின் அறைவரை போய் எழுப்பும். 2013 மார்ச்சில் இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் 'டானியோ' என்ற சரக்குக் கப்பல் தரைதட்டியபோது, காவலில் இருந்த அதிகாரி தூங்கிக்கொண்டிருந்தார், அலாரம் இயக்கத்தில் இல்லை. ஆகவே சைரனை அடக்க ஒரு பொத்தான் மாட்டினால், அதைப் படுத்துக்கொண்டே எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். சுக்கானுக்குப் பக்கத்தில், திரையைப் பார்க்காமல் அழுத்த முடியாத இடத்தில் வையுங்கள்.