வாழ்த்து மடலும் ஒட்டுச் சித்திரமும்

ஒருவர் மற்றொருவருக்கு நலம் வேண்டிக் கூறுஞ் சொல்லே வாழ்த்து. நேரில் நின்று வாழ்த்துங்கால் குரலும் முகமும் அச்சொல்லுக்குத் துணையாகின்றன. சேய்மையிலுள்ளாரை வாழ்த்துங்கால் அவ்விரண்டும் இல்லாமற் போகின்றன. அவற்றினிடத்தை நிரப்ப ஒரு பொருள் வேண்டப்படுகின்றது. முன்னாளில் அப்பொருள் பனையோலையாக இருந்தது, பின்னர்க் காகிதமாயிற்று, இந்நாளிலே கைபேசித் திரையில் ஒரு கணம் தோன்றி மறையும் ஒளியாகவும் மாறியுள்ளது. விரைவும் எளிமையும் கருதின் இம்மாற்றத்தைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும், பெற்றவர் கையிலே தங்கும் பொருளொன்று இதனால் இல்லாதொழிந்தது. கையால் ஆக்கப்படும் வாழ்த்து மடல் எத்தகையது, ஒட்டுச் சித்திரக் கலை அதற்கு எங்ஙனம் பொருந்துகின்றது, அம்மடல் நெடுங்காலம் நிலைப்பதற்கு வேண்டுவன யாவை என்பவற்றைத் திருக்கோணமலைச் சூழலில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மடலின் தோற்றம்

மடல் என்னுஞ் சொல் பனை, தாழை முதலியவற்றின் உறுப்பைக் குறிப்பது. பின்னர் அது கடிதத்தையுங் குறிப்பதாயிற்று. எழுதப்படும் பொருளும் எழுதப்பட்ட செய்தியும் ஒரே பெயர் பெற்றமை நம் மொழியிற் காணத்தக்க ஒரு சிறப்பாகும்.

அச்சிட்ட வாழ்த்து மடல் மேனாட்டிற் பிறந்தது. 1840 ஆம் ஆண்டில் பிரித்தானியாவிலே ஒரு பென்னி முத்திரையுடன் நாடெங்கும் கடிதம் அனுப்பும் முறை நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுகளின் பின், 1843 இல், சேர் ஹென்றி கோல் என்பார் நத்தார் வாழ்த்துக்கென ஜோன் கல்கொட் ஹோர்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு ஒரு மடலை வரைவித்தார். கல்லச்சில் 1000 படிகள் அச்சிடப்பட்டு, அவற்றுக்கு நிறங்கள் கையால் தீட்டப்பெற்றன. ஒரு மடலின் விலை ஒரு சிலிங். அஃதாவது, பன்னிரண்டு கடிதங்களை அனுப்புதற்கான செலவு. வணிகப் பொருளாகத் தோன்றிய முதல் மடலுங்கூடக் கையின் துணையின்றி நிறைவுறவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. காலப்போக்கில் இவ்வழக்கம் நம் நாட்டிலும் பரவி, நத்தார் மடலோடு வெசாக் மடல், பெருநாள் மடல், பொங்கல் மடல் எனப் பல்கியது.

ஒட்டுச் சித்திரத்தின் இயல்பு

தூரிகையால் நிறந் தீட்டுவதற்கு மாறாக, வெவ்வேறு பொருள்களின் துண்டுகளை ஒரு தளத்தில் ஒட்டி உருவம் அமைப்பதே ஒட்டுச் சித்திரம். பிரெஞ்சு மொழியில் ஒட்டுதல் என்னும் பொருள் தரும் வினையடியாகப் பிறந்த 'கொலாஜ்' என்னும் பெயரால் மேனாட்டார் இதனை வழங்குவர். பப்லோ பிக்காசோ 1912 ஆம் ஆண்டில் ஆக்கிய ஓர் ஓவியத்திலே, பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத் துணித் துண்டொன்றை ஒட்டி, சுற்றிலும் கயிற்றையே சட்டமாக அமைத்தார். அவ்வாண்டிலேயே ஜோர்ஜ் பிராக் மரத்தின் வரிகள் அச்சிட்ட சுவர்க் கடதாசியைத் தம் ஓவியத்தில் ஒட்டினார். இவ்விருவராலும் இக்கலை உயர்கலைகளின் வரிசையில் இடம்பெற்றது.

எனினும், இவர்களுக்கு நூற்றாண்டுக்கு மேல் முற்பட்டவர் ஒருவரை மாணாக்கர் சிறப்பாக அறிதல் வேண்டும். மேரி டிலேனி என்னும் ஆங்கிலப் பெருமாட்டியார் தமது எழுபத்திரண்டாம் அகவையளவில் நிறக் கடதாசிகளை இதழ் இதழாக வெட்டிக் கரிய தாளில் ஒட்டி மலர்களின் உருவங்களை அமைக்கத் தொடங்கினார். பார்வை மங்கிக் கத்தரிக்கோலைக் கீழே வைக்கும் வரை, ஏறத்தாழப் பத்தாண்டுகளில், ஆயிரத்தை அணுகும் எண்ணிக்கையில் அவற்றை ஆக்கினார். தாவரவியலாரும் வியக்கும் நுட்பமுடைய அத்தாள்கள் இன்றும் பிரித்தானிய அரும்பொருட் சாலையிற் காக்கப்படுகின்றன. அவர் கையாண்ட பொருள்கள் பெரும்பாலும் கடதாசியும் பசையும் கத்தரிக்கோலுமே. இக்கலைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை; பொறுமையும், தெரிந்தெடுக்கும் அறிவுமே வேண்டும்.

ஏழு மடல்கள்

பொதுவாகக் கூறியவற்றை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குதல் நன்று. என் தமையனார் 1990 ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின்னர்க் கடல்கடந்து சென்றார். அந்நாளில் யான் சிறுவன். கடையில் மடல் வாங்கும் வசதி எம் இல்லத்தில் இருக்கவில்லை. ஆதலின், 1991 முதல் 1997 வரை தைப்பொங்கல் தோறும் யானே ஒரு மடல் செய்து அனுப்பிவந்தேன். இருபதாண்டுகளுக்கு மேற் கழிந்தபின் ஊர் திரும்பிய தமையனார் அவ்வேழு மடல்களையும் ஒரு பிஸ்கற் பெட்டியில் வைத்துக் கொணர்ந்தார். அவற்றை மேசையில் வரிசையாக வைத்து நோக்கியபோது, எந்தப் பொருள் நிலைக்கும், எது நிலையாது என்பதை எந்நூலுங் கற்பியாத தெளிவுடன் கற்றேன்.

முதலாம் மடலில் ஒட்டியிருந்தது செய்தித்தாள். அது பழுப்பேறி, தொட்டால் நொறுங்கும் நிலையை அடைந்திருந்தது. செய்தித்தாள் மரத்தை அரைத்த கூழிலிருந்து செய்யப்படுவது. மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் அதில் நீக்கப்படாது தங்குவதால், ஒளியும் காற்றும் பட்டு அது நிறமாறுகின்றது. இரண்டாம் மடலில் நாடாவால் ஒட்டிய பகுதிகள் யாவும் கழன்று விழுந்து, நாடா இருந்த இடத்தில் மஞ்சட் கறை மட்டும் எஞ்சியிருந்தது. மூன்றாவதில் நிறப் பேனாவால் எழுதிய எழுத்துக்கள் படிக்கவியலாதவாறு மங்கியிருந்தன. பென்சிலால் எழுதிய என் பெயரோ நேற்று எழுதியது போல் விளங்கியது. பென்சிலின் காரீயம் எனப்படுவது உண்மையிற் கரியின் ஒரு வகையாதலின், ஒளியால் அது கெடுவதில்லை.

எஞ்சிய நான்கும் பழுதின்றி இருந்தன. மூன்று, பழைய திருமண அழைப்பிதழ்களின் தடித்த தாளில் வைக்கோலை ஒட்டிச் செய்யப்பட்டவை. மற்றொன்றில் என் அன்னையார் தம் பழஞ்சேலைக் கரையில் விரலளவு துண்டு வெட்டி, பசையின்றி நூலால் தைத்திருந்தார். அம்மடலில் எழுத்து ஒன்றும் இல்லை. பெட்டியைத் திறந்தவுடன் தமையனார் முதலில் எடுத்துக் காட்டியது அதனையே.

சூழலில் உள்ள பொருள்கள்

நம் துறைமுகப் பகுதியில் ஒட்டுச் சித்திரத்திற்கு ஏற்ற பொருள்கள் மலிந்துள்ளன. தம்பலகாமத்து வயல்களின் வைக்கோல் அவற்றுள் முதன்மையானது. அதன் தண்டை நீரில் ஊறவைத்து, நீளவாட்டிற் கீறி விரித்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் பொன்னிறமுள்ள தட்டையான நாடா கிடைக்கும். சூட்டைச் சிறிது மிகுப்பின் அது கபில நிறமடையும். இவ்விரு நிறங்களைக் கொண்டே சுவாமி மலையின் செங்குத்தான பாறையையும் அதன்கீழ்க் கடலின் அலைவரியையும் அழகுற அமைக்கலாம். வைக்கோலுக்கும் காகிதத்துக்கும் உள்ள உறவு நம் கிழக்கு மாகாணத்தார் அறியாததன்று. மட்டக்களப்பு மாவட்டத்து வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் வைக்கோலே மூலப்பொருளாகப் பயன்பட்ட காலம் உண்டு.

பனங்குருத்து, வாழைநார், உலர்ந்த பூவரசிலை, பழைய மீன்வலையின் நூல், தையற்கடையில் எஞ்சும் துணி, தேயிலைப் பெட்டியின் உட்டாள் ஆகியனவும் ஏற்றவை. சிப்பி ஓடுகளைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை கூறுதல் கடன். புறாத்தீவு 1963 இல் சரணாலயமாகவும் 2003 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து சிப்பியோ பவளத் துண்டோ எடுத்தல் தகாது.

செய்முறை

மடலுக்குப் பிறிஸ்டல் மட்டை போன்ற தடித்த தாள் வேண்டும். இயந்திரத்திற் செய்த தாளின் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையிற் படிந்திருக்கும். தாளை இரு திசையிலும் மெல்ல வளைத்துப் பார்த்து, எளிதில் வளையும் வாக்கிலேயே மடித்தல் வேண்டும். எதிர்வாக்கில் மடித்தால் மடிப்பு வெடிக்கும். மடிக்குமுன், மை தீர்ந்த குமிழ்முனைப் பேனாவால் அடிமட்டத்தை ஒட்டி ஒரு கோடு அழுத்திக்கொள்க.

பசை வீட்டிலேயே காய்ச்சத்தக்கது. ஒரு பங்கு கோதுமை மாவை ஐந்து பங்கு தண்ணீரிற் கட்டியின்றிக் கரைத்து, மெல்லிய தீயில் இடையறாது துழாவி, ஒளி ஊடுருவும் பதம் வந்ததும் இறக்கி, துணியில் வடித்துக்கொள்க. இஃது இரு நாளுக்கு மேல் நில்லாது. பூச்சி அணுகாமைப் பொருட்டு முன்னாளில் நூல் கட்டுவோர் இதிற் துருசு கலப்பர். அது நஞ்சாதலின் மாணாக்கர் கையாளும் பசையிற் கலத்தல் ஆகாது.

துண்டுகளை உடனே ஒட்டற்க. முதலில் அவற்றைப் பசையின்றி அடுக்கி, சற்று விலகி நின்று நோக்குக. அடுக்கியவற்றுள் ஒன்றை எடுத்துவிட்டாலும் உருவம் குறைவுபடாதெனின், அதனை நீக்கிவிடுக. தொடக்கநிலை மாணாக்கர் செய்யும் பெரும்பிழை மிகுதியாக ஒட்டுதலே. பின்புலம், நடுப்பொருள், நுண்பகுதி என்னும் முறையில் மெல்லிய பசை பூசி ஒட்டி, மேலே மெழுகுத்தாள் விரித்து, பாரமான நூல்களின் கீழ் ஓரிரவு வைக்க.

பாரத்தின் கீழ் உலர்த்துதல் ஏன் இன்றியமையாதது என்பதை யான் பிழை செய்தே கற்றேன். கச்சான் காற்று வீசிய ஒரு நண்பகலில், என் வகுப்பு மாணாக்கர் செய்த மடல்களை விரைவில் உலருமென எண்ணி முற்றத்தில் விரிக்கச் செய்தேன். அரைமணி நேரத்தில் அனைத்தும் தோணிபோல் வளைந்துவிட்டன. பசையின் ஈரத்தால் விரிந்த தாள், அவ்வறண்ட காற்றில் ஒரு பக்கம் மட்டும் விரைந்து சுருங்கியதே காரணம். பிள்ளைகளின் முகவாட்டத்துக்கு யானே பொறுப்பு. மாரிகாலத்திலோ இடர் வேறு வகையானது. பொங்கல் மடல் செய்யும் மார்கழியில் ஈரம் மிகுதலால் பசை உலரத் தாமதிக்கும், பூஞ்சணமும் பிடிக்கும். அக்காலத்துப் பசையைத் தடிப்பாகக் காய்ச்சி மிக மெல்லிதாகப் பூசுதல் நன்று.

வெளிநாட்டுக்கு அனுப்பும் மடலில் புடைத்த பொருள் இருத்தல் ஆகாது. அஞ்சலில் அது நசுங்கும். விதை, பச்சிலை, மண் ஆகியவற்றைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. ஆஸ்திரேலியா வைக்கோலையும் தடுக்கும். அத்தகைய இடங்களுக்குக் கடதாசியும் துணியுமே போதும்.

மடலின் பயன்

இயந்திரம் பெருகிய காலத்தில் கைப்பணி எதற்கென வினவுவார் உளர். நம் நாட்டிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை இங்கிலாந்தில் ஒரு கையச்சுப் பொறியில், தம் மேற்பார்வையிலேயே, 425 படிகள் மட்டும் அச்சிடுவித்து 1908 இல் வெளியிட்டார். கைவினையைப் போற்றும் நூல் கைவினையாலேயே உருப்பெறல் வேண்டும் என்னும் கொள்கைக்கு அது சான்று. வாழ்த்தும் அத்தகையதே. ஒருவரை நினைந்தோம் என்று கூறும் மடல், அவரை நினைந்து செலவிட்ட பொழுதையும் தன்னகத்தே கொண்டிருத்தல் வேண்டும்.

பிறிதொரு பயனும் உண்டு. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தாரும் அடுத்தடுத்து வாழும் ஊர் இது. பொங்கலும் பெருநாளும் வெசாக்கும் நத்தாரும் ஒரே தெருவில் நிகழ்கின்றன. அயல்வீட்டார்க்கு மடல் செய்ய முற்படும் மாணவன், அவர்க்கு எவ்வுருவம் உவப்பானது, எச்சொல் பொருந்தும் என்பவற்றை அவரிடமே கேட்டறிய வேண்டியவனாகின்றான். அக்கேள்வியே உறவின் தொடக்கம்.

என் தமையனார் என்னிடம் ஒரு வினா வினவினார்: "1997 இன் பின் ஏன் தம்பி மடல் வரவில்லை?" வீட்டுக்குத் தொலைபேசி வந்தது, மடல் நின்றது. மாதந்தோறும் பேசினோம், அப்பேச்சுக்களுள் ஒன்றேனும் இன்று எம் இருவர் நினைவிலும் இல்லை. ஏழு மடல்களோ பெட்டியில் உள. வருந்தைக்கென எட்டாவது மடலுக்கு வைக்கோல் ஊறவைத்துள்ளேன். மாணவ நண்பர்களும், சேய்மையில் வாழும் பழைய மாணவர்களும் தத்தமக்குரிய ஒருவரை நினைந்து இவ்வாண்டு ஒரு மடலேனும் தம் கையாற் செய்து அனுப்புவாராக.