கடலில் கரும்பட்டை: எண்ணெயா, காற்றா?

2017 ஜனவரி 28 அதிகாலை எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கரையொதுங்கிய எண்ணெயை மீனவர்களும் தன்னார்வலர்களும் வாளிகளில் அள்ளினார்கள். விபத்து கரைக்குப் பக்கத்தில் நடந்ததால் ஊருக்கே தெரிந்தது. நள்ளிரவில், நடுக்கடலில், ஒரு கப்பல் எண்ணெய்க் கழிவைத் திறந்துவிட்டுப் போனால் யார் பார்ப்பது?

ரேடார் செயற்கைக்கோள் பார்க்கும். அதற்கு இருட்டும் மேகமும் தடையில்லை. ஐரோப்பாவின் சென்டினல்-1 சுமார் 5.5 செ.மீ. நீள அலைகளை அனுப்புகிறது. கடற்பரப்பின் சிற்றலைகள் அவற்றைத் திருப்பி அனுப்புகின்றன. எண்ணெய் படர்ந்த இடத்தில் சிற்றலை அடங்கிவிடுவதால் படத்தில் அந்த இடம் கருப்பாக விழும்.

கருப்பைக் கண்டுபிடிப்பது கணினிக்குச் சுலபம். அது என்ன கருப்பு என்பதில்தான் சிக்கல். காற்று விநாடிக்கு 2 மீட்டருக்கும் கீழே தணிந்தால் கடலே கருப்பாகிவிடும். தீவின் மறைவில் காற்று படாத நீர், மிதவை உயிரிகளிலிருந்து வரும் இயற்கைப் பசை, சில மழைத் திட்டுகள் என எல்லாமே எண்ணெய் போலத் தோன்றும். காற்று ஓங்கினாலும் தொல்லைதான்: தென்மேற்குப் பருவக்காற்று வீசும் அரபிக்கடலில் உண்மையான எண்ணெயே அலையோடு கலந்து கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஆனால் கப்பல் கழிவைக் கொட்டிய இடத்தின் படத்தில் பல கி.மீ. நீளத்துக்கு ஒரு மெல்லிய கருங்கோடு ஓடும். ஒரு முனையில் பளிச்சென்று வெள்ளைப் புள்ளி; அதுதான் கப்பல். அதன் அருகே கோடு கூர்மையாக இருக்கும். தள்ளிப் போகப் போக, முன்பே கொட்டிய எண்ணெய் பரவி, விளிம்பு கலைந்திருக்கும்.

பழைய நிரல்கள் இந்த நீளம், விளிம்பு, கருமை ஆகியவற்றை அளந்து மதிப்பெண் போட்டன. இன்றைய நரம்பியல் வலையமைப்புகளோ நிபுணர்கள் குறியிட்டுத் தந்த படங்களிலிருந்து தாமே கற்கின்றன. 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, 5.6 லட்சத்துக்கும் அதிகமான சென்டினல்-1 படங்களை அலசி, 4.5 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணெய்ப் படலங்களைப் பதிவுசெய்தது. மனிதச் செயலால் வருபவை பாதிக்குச் சற்று மேல் என்றிருந்த பழைய கணக்கை அது 94 சதவீதமாக உயர்த்தியது. இத்தனை படங்களை மனிதக் கண் மட்டும் பார்த்து முடித்திருக்காது.

ஆனாலும் கணினி சொன்னதற்காக உடனே ரோந்து விமானத்தை அனுப்பிவிட முடியாது. தவறான எச்சரிக்கை அடிக்கடி வந்தால் சரியானதையும் யாரும் நம்பமாட்டார்கள். ஓரிடத்துக் கடலில் கற்ற நிரல் இன்னோரிடத்துக் காற்றில் தடுமாறும். நம்மிடம் 2022 பிப்ரவரியில் ஏவிய இ.ஓ.எஸ்-04 ரேடார் செயற்கைக்கோள் இருக்கிறது. நம் கடலுக்கேற்ப நிரலைப் பழக்க, அது எடுக்கும் வங்கக் கடல், அரபிக்கடல் படங்களைக் கடலோரக் காவல்படையின் நேரடிச் சோதனைக் குறிப்புகளோடு சேர்த்துத் தொகுத்து, ஆய்வாளர்கள் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும்.