செல்போன் மேப்பில் மனை தேடுறீங்களா?



முன்பெல்லாம் மனை வாங்கணும்னா ஞாயிற்றுக்கிழமை இலவச வேனில் ஏறிப்போய், கல் நட்ட இடத்தைப் பார்த்துவிட்டு, மதியம் பிரியாணி சாப்பிட்டு வருவோம். இப்போ வீட்டில் பிள்ளைகளே செல்போனை நீட்டி, "அம்மா, ஈசிஆர் ரோட்டுக்கு எவ்வளவு கிட்ட இருக்கு பாரு" என்று காட்டுகிறார்கள். குழுக் கூட்டங்களிலும் இந்தப் பேச்சு வருகிறது.

கூகுள் மேப் வந்தது 2005-ல். 2012-ல் மும்பை ஐ.ஐ.டி. மாணவர்கள் தொடங்கிய ஹவுசிங் டாட் காம், வீடுகளை வரைபடத்தின் மேலேயே புள்ளி புள்ளியாகக் காட்டியது. புள்ளியைத் தொட்டால் விலை, அளவு, படம் எல்லாம் வரும். இன்று திருப்போரூர், கேளம்பாக்கம் பக்கம் மனை விற்கிறவர்கள் எல்லோரும் 'லொகேஷன்' அனுப்புகிறார்கள்.

இதனால் நமக்கு நன்மையும் உண்டு. "மாமல்லபுரம் மிக அருகில்" என்று நோட்டீஸில் போட்டிருப்பார்கள். வழி போட்டுப் பார்த்தால் எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிடும். பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப், ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம் என்று யாரையும் கேட்காமலே பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்றை மறக்காதீங்க. அந்தப் புள்ளியை வைத்தது விற்கிறவர்தான், சர்வேயர் இல்லை. பக்கத்து நிலத்தில் வைத்தாலும் மேப் ஏற்றுக்கொள்ளும்.

நம்ம செங்கல்பட்டு ஏரிகள் நிறைந்த மாவட்டம். கோடையில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் ஏரியும் தாங்கலும் வெறும் திடல் மாதிரிதான் தெரியும். கூகுள் எர்த்தில் பழைய வருஷத்துப் படங்களையும் பார்க்கும் வசதி இருக்கிறது. மழைக்காலத்தில் எடுத்த படம் இருந்தால் அதைப் பாருங்க. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே தண்ணீர் நின்றதா என்று ஊர்ப் பெரியவங்களிடமும் கேளுங்க. இதற்குச் செல்போனை விட அவங்க வாய்ச்சொல்தான் எனக்கு நம்பிக்கை.

கடலோரத்தில் விஷயம் வேறு. வலை உலர்த்துற இடம், படகு ஏற்றுற இடம், மீன் காய வைக்கிற மணல் எல்லாம் மேப்பில் காலி இடமாகத்தான் தெரியும். வெளியூரில் உட்கார்ந்து பார்க்கிறவர் அதை 'கடல் பார்த்த மனை' என்று நினைத்துக்கொள்வார். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்கான அறிவிக்கை, மீனவர்களின் பொது இடங்களை அரசு வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்கிறது. உங்க குப்பத்துக்கான வரைபடத்தில் அவை இருக்கா என்று மீனவ சகோதரிகள் பஞ்சாயத்திலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் கேட்க வேண்டும். விற்பனைப் புள்ளி விழுந்த பிறகு கேட்பது கஷ்டம்.

வாங்குகிறவர்களுக்கும் கட்டுப்பாடு இருக்கு. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர விதிகள் வரும். மாமல்லபுரத்தில் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் கட்ட அனுமதி வேண்டும். மனை விளம்பர மேப் இதையெல்லாம் கோடு போட்டுக் காட்டாது.

அதனால் லொகேஷன் வந்ததும் சர்வே எண்ணைக் கேளுங்க. "அட்வான்ஸ் கொடுத்தா சொல்றேன்" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்க. எண் கிடைத்தால் அரசின் இ-சேவை இணையதளத்தில் பட்டா யார் பெயரில் இருக்கு என்று பார்க்கலாம். அ-பதிவேட்டில் அது புறம்போக்கா என்று தெரியும். புலப்படத்தில் நிலத்தின் எல்லையும் அளவும் இருக்கும். அந்த வடிவமும் மேப்பில் காட்டிய இடமும் ஒத்துப்போகிறதா என்று வைத்துப் பாருங்க. பதிவுத்துறை தளத்தில் வில்லங்கத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். செல்போனில் வராவிட்டால் இ-சேவை மையத்தில் கேளுங்க.

லேஅவுட் மனை என்றால் அங்கீகார எண் அவசியம். 20.10.2016-க்குப் பிறகு பிரித்த அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைத் திட்டத்தில் சேர்க்கவில்லை. குழுக்கடன் எடுத்து அப்படிப்பட்ட மனைக்கு முன்பணம் கொடுத்தால், மனை பயன்படாது, தவணை மட்டும் மாதாமாதம் வந்து நிற்கும்.

இன்னொரு தகவல். 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 1.4.2025 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு உண்டு. பத்திரம் யார் பெயரில் என்று வீட்டில் பேச்சு வரும்போது இதையும் சொல்லுங்க.