கிரெடிட் கார்டில் வருமான வரி கட்டலாமா?

அலுவலக நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கட்டலாம். வருமான வரித்துறையின் இணைய தளத்தில் 'இ-பே டாக்ஸ்' பகுதியைத் திறந்து, பான் எண், மொபைல் எண் கொடுத்து ஓடிபி மூலம் உள்ளே செல்லுங்கள். வரியின் வகை, தொகையைக் குறிப்பிட்டு 'பேமெண்ட் கேட்வே' என்பதைத் தேர்வு செய்யுங்கள். கிரெடிட் கார்டு வசதி அங்குதான் உள்ளது.

ஆனால் இது இலவசமல்ல. கட்டணம் 1 சதவீதம் என்றால் ரூ.40,000 வரிக்கு ரூ.400, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.72. ஆக, ரூ.472 கூடுதல் செலவு. ரிவார்டு பாயிண்ட் இதை ஈடுகட்டுமா என்று கணக்குப் பாருங்கள்.

கார்டு பில்லைக் கெடுவுக்குள் முழுவதும் கட்டாவிட்டால், பல கார்டுகளில் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறும். வரி தாமதமானால் அரசு வாங்கும் வட்டியோ மாதம் 1 சதவீதம்தான்! நான் நெட் பேங்கிங்கில்தான் கட்டுகிறேன். எதில் கட்டினாலும் சலான் ரசீதை டவுன்லோட் செய்து பத்திரப்படுத்துங்கள்.