சூரியன் மறைந்தபின் யார் நிறுத்தப்படுகிறார்கள்?

அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஆயிரம் பேர் போலீஸார் சுட்டு இறக்கிறார்கள். 2015க்கு முன்பு இந்த எண்ணைக்கூட எவராலும் உறுதியாகச் சொல்ல முடிந்ததில்லை. அரசிடம் முழுமையான கணக்கு இல்லை. 2014இல் ஃபெர்குசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது கறுப்பின இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டு, நாடே கொந்தளித்த பிறகுதான், வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் ஒவ்வொரு சாவாக எண்ணத் தொடங்கியது. இப்படிக் கொல்லப்படுவோரில் ஏறத்தாழ நாலில் ஒருவர் கறுப்பினத்தவர். மக்கள்தொகையிலோ அவர்கள் 100க்கு 13, 14 பேர்தான்.

ஒருவர் இந்தக் கணக்கைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் வேறொன்றை எடுத்து வைப்பார். கொலைக் குற்றத்துக்காகக் கைதாகிறவர்களில் பாதிப் பேர் கறுப்பினத்தவர். ஆகவே போலீஸாரை அவர்கள் அதிகம் எதிர்கொள்கிறார்கள், அதனால் அதிகம் சாகிறார்கள், இதில் நிறத்துக்கு என்ன வேலை? இரண்டு எண்களும் உண்மை. இரண்டு பேரும் தாம் வென்றதாக எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சிக்கல் பள்ளிக்கூடப் பின்னக் கணக்கில் இருக்கிறது: மேலே எத்தனை பேர் என்பதில் சண்டையில்லை, கீழே யாரை வைத்து வகுப்பது? எல்லா மக்களையுமா, கைதானவர்களையா, போலீஸார் தடுத்து நிறுத்தியவர்களையா? கைதானவர்களை வைத்து வகுத்தால், அந்தக் கைதுகளிலேயே பாரபட்சம் இருந்திருந்தால் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

கைதுக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பது குற்றத்துக்குக் குற்றம் மாறும். கொலையில் ஒரு உடல் இருக்கிறது, இறப்புச் சான்றிதழ் இருக்கிறது. அதைப் போலீஸ் எழுதுவதில்லை. அந்தச் சான்றிதழ்களின்படியே அண்மை ஆண்டுகளில் கொலையுண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். பெரும்பாலான கொலைகள் ஒரே இனத்தவருக்குள் நடப்பதால், இங்கே கைதுக் கணக்கு உண்மை நிலவரத்தை விட்டு வெகுதூரம் விலகவில்லை. இதை மறைக்கப் பார்ப்பது அந்தத் தெருக்களில் பிள்ளைகளைப் பறிகொடுக்கும் தாய்மாருக்குச் செய்யும் துரோகம். அது தோலின் தன்மை என்று சொல்வதும் பிழை. ராபர்ட் சாம்ப்சன், வில்லியம் ஜூலியஸ் வில்சன் என்ற இரு சமூகவியலாளர்கள் 1995இல் காட்டியது இது: அமெரிக்க நகரங்களில் வெள்ளையர் வாழும் மிக மோசமான பகுதிகூட, கறுப்பினத்தவர் வாழும் சராசரிப் பகுதியைவிட நல்ல நிலையில் இருந்தது. ஒப்பிடுவதற்கு இணையான வெள்ளையர் குடியிருப்பே கிடைக்காத நிலை.

கஞ்சாவை எடுத்துக்கொண்டால் காட்சி தலைகீழ். கஞ்சா புகைப்பவர்களின் விகிதம் இரு இனத்தாரிடையேயும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று அரசின் கருத்தாய்வுகளே சொல்லிவந்தன. ஆனால் 2010ஆம் ஆண்டுக் கணக்கில், கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு 3.7 மடங்கு அதிகம். இங்கே புகார் கொடுப்பவர் எவருமில்லை. தேடினால்தான் குற்றம் அகப்படும். வலை வீசிய இடத்து மீனை எண்ணிவிட்டு, கடல் முழுக்க இதுதான் என்று சொன்ன கதை.

அப்படியானால் போலீஸாரின் வலை எங்கே விழுகிறது என்பதை எப்படி அளப்பது? சாலையில் நிறுத்தப்படும் ஓட்டுநர்களில் கறுப்பினத்தவர் அதிகம் என்று மட்டும் சொன்னால் போதாது. அந்தச் சாலையில் அந்த நேரத்தில் யார் யார் ஓட்டினார்கள், யார் வேகமாகப் போனார்கள் என்று தெரிய வேண்டும். அதை எவரும் எண்ணி வைக்கவில்லை. பல ஆண்டுகளாக ஆய்வாளர்கள் முட்டி நின்ற சுவர் இது.

2006இல் ஜெஃப்ரி குரோகர், கிரெக் ரிட்ஜ்வே என்ற இரு ஆய்வாளர்கள் அந்தச் சுவரைச் சுற்றிப் போக ஒரு வழி கண்டார்கள். உதவிக்கு அழைத்தது சூரியனை. மாலை ஏழு மணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் அப்போது நல்ல வெளிச்சம், டிசம்பரில் கும்மிருட்டு. ஆனால் ஏழு மணிக்கு வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் ஏறக்குறைய அதே ஆட்கள்தாம். சாலையும் அதே, கடிகாரமும் அதே. மாறியது ஒன்றே: வெளிச்சத்தில் ஓட்டுநரின் முகம் போலீஸாருக்குத் தெரியும், இருட்டில் சரியாகத் தெரியாது. முகம் பார்த்து நிறுத்தும் பழக்கம் இருந்தால், இருட்டிய பிறகு நிறுத்தப்படுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு குறைய வேண்டும். சாலையில் ஓடிய வண்டிகளை எண்ணவே தேவையில்லை! கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் அமெரிக்க வழக்கம் இந்தச் சோதனைக்கு இன்னும் வசதி. ஒரே வாரத்துக்குள் ஏழு மணி இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குத் தாவிவிடுகிறது. அந்தி மயங்கும் அந்த அரைமணி நேரத்தை மட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்போது முகம் தெரியுமா தெரியாதா என்று சொல்ல முடியாது.

இந்த முறையில் என்னை மிகவும் கவர்ந்தது, இது எந்தப் பக்கமும் விடை சொல்லக்கூடியது என்பதுதான். கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் 2003இல் நடந்த வாகனச் சோதனைகளை இருவரும் இப்படி ஆராய்ந்தபோது, முகம் பார்த்து நிறுத்தியதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. அதை அப்படியே எழுதினார்கள். பின்னர் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று நாடெங்கிலுமிருந்து ஏறத்தாழ 10 கோடி வாகனச் சோதனைகளின் பதிவுகளைத் திரட்டி, 2020இல் முடிவை வெளியிட்டது. சூரியன் மறைந்தபின் கறுப்பின ஓட்டுநர்களின் பங்கு குறைகிறது. தெருவிளக்கின் வெளிச்சத்தில் முகம் ஓரளவு தெரியும், வண்டியைப் பார்த்தே ஆளை ஊகிப்பதும் உண்டு. ஆகவே இந்தச் சோதனை பாரபட்சத்தைக் குறைத்துக் காட்டவே வாய்ப்பு அதிகம்.

நிறுத்திய பிறகு நடப்பதை அளக்க வேறொரு வழி இருக்கிறது. சந்தேகத்தின்பேரில் சோதனையிடுகிறார்கள் என்றால், எத்தனை முறை அந்தச் சந்தேகம் சரியாக இருந்தது? நியூயார்க் போலீஸார் தெருவில் நடப்பவர்களை நிறுத்திச் சோதிப்பதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார்கள். 2011இல் மட்டும் 6,85,724 முறை. அது குறித்த வழக்கில் 2013இல் நீதிபதி ஷீரா ஷைன்ட்லின் அளித்த தீர்ப்பில் இருக்கும் எண்கள் இவை: நிறுத்தப்பட்ட வெள்ளையரில் 1.4 விழுக்காட்டினரிடம் ஆயுதம் இருந்தது, கறுப்பினத்தவரில் 1.0 விழுக்காட்டினரிடம். சந்தேகம் அதிகம் விழுந்தவர்களிடம் பலன் குறைவு என்றால், அவர்களை நிறுத்தச் சின்னக் காரணமே போதுமானதாக இருந்திருக்கிறது. பின்னர் நிறுத்துவது மிகப் பெருமளவு குறைந்தது. கொலைகள் பெருகவில்லை, 2011இல் 515 ஆக இருந்தவை 2017இல் 292 ஆயின.

இவையெல்லாம் பெரும்பாலும் ஒரே திசையில் போவதாகத் தோன்றினாலும், ரோலண்ட் ஃபிரையரின் ஆய்வு இடையில் நிற்கிறது. ஃபிரையர் ஹார்வர்டின் பொருளியலாளர், கறுப்பினத்தவர். 2016இல் அவர் சொன்னது: பிடித்துத் தள்ளுவது, சுவரோடு சேர்த்து நிறுத்துவது, கைவிலங்கு பூட்டுவது போன்றவற்றில் கறுப்பினத்தவருக்கு 50 விழுக்காட்டுக்கும் அதிகமான கூடுதல் ஆபத்து, ஆனால் ஹூஸ்டன் நகரப் பதிவுகளின்படி, சுடுவதில் மட்டும் இன வேறுபாடு தெரியவில்லை. தன் ஆய்வு வாழ்வில் இவ்வளவு வியப்பூட்டிய முடிவு வேறில்லை என்று அவரே சொன்னார். துணிச்சலான, நேர்மையான வேலை அது.

2020இல் டீன் நாக்ஸ், வில் லோ, ஜோனதன் மம்மோலோ என்ற மூன்று ஆய்வாளர்கள் இதன்மேல் எழுப்பிய கேள்வி ஆழமானது. போலீஸ் பதிவேட்டில் இருப்பவர்கள் போலீஸார் நிறுத்தியவர்கள் மட்டுமே. நிறுத்துவதிலேயே பாரபட்சம் இருந்தால் என்னவாகும்? ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நகரில் தக்க காரணத்தோடு 100 வெள்ளையரை நிறுத்தி, 20 பேர்மீது பலம் பிரயோகிக்கிறார்கள். அதே காரணங்களுக்காக நிறுத்திய 100 கறுப்பினத்தவரில் 30 பேர்மீது. இதோடு, வெள்ளையராக இருந்தால் விட்டுவிடும் அற்பக் காரணங்களுக்காக இன்னும் 100 கறுப்பினத்தவரை நிறுத்துகிறார்கள். சாதாரண விஷயம் என்பதால் 10 பேர்மீதுதான் கை வைக்கிறார்கள். பதிவேட்டைக் கூட்டுங்கள். வெள்ளையர் 100க்கு 20. கறுப்பினத்தவர் 200க்கு 40. இரண்டும் 20 விழுக்காடு! கண்ணெதிரே நடந்த இரட்டை அநீதி ஒன்றையொன்று விழுங்கி, தாளில் சமத்துவமாக நிற்கிறது. காரணமில்லாமல் எத்தனை பேரை நிறுத்துகிறீர்களோ அந்த அளவுக்கு உங்கள் விகிதம் நல்லதாகத் தெரியும். பதிவேட்டின் இந்தக் கோணலை எந்த அனுமானங்களோடு திருத்துவது என்பதில் புள்ளியியலாளர்களிடையே வாதம் ஓயவில்லை. ஆனால் பதிவேட்டை மட்டும் பார்த்து பாரபட்சம் இல்லை என்று இனி எவரும் எளிதாகச் சொல்லிவிட முடியாது.

சாவும் அடியும் அபூர்வம். பெரும்பாலான சந்திப்புகள் சில நிமிடப் பேச்சோடு முடிகின்றன. அந்தப் பேச்சையும் அளந்திருக்கிறார்கள். ஓக்லண்ட் போலீஸாரின் சட்டைக் கேமராக்கள் 2014 ஏப்ரலில் பதிவுசெய்த 981 வாகனச் சோதனைகளின் பேச்சை எழுத்தாக்கி, எதிரில் இருந்தவரின் இனம் தெரியாதபடி ஆட்களிடம் கொடுத்து, எவ்வளவு மரியாதையாக இருக்கிறது என்று மதிப்பிடச் சொன்னார்கள். பிறகு கணினிக்கு அந்த மதிப்பீட்டைப் பழக்கினார்கள். கறுப்பின ஓட்டுநர்களிடம் பேசிய பேச்சில் மரியாதை குறைவு. போலீஸ்காரர் எந்த இனம், குற்றம் சிறிதா பெரிதா என்பதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளி மறையவில்லை.

இந்தப் பேச்சு ஆய்வில் பங்கேற்ற உளவியலாளர் ஜெனிஃபர் எபர்ஹார்ட், ஓக்லண்ட் காவல்துறையோடு சேர்ந்து இன்னொன்றும் செய்தார். ஒருவரை நிறுத்தினால் போலீஸார் நிரப்ப வேண்டிய படிவத்தில் ஒரு கேள்வி கூடியது: இவரைக் குறிப்பிட்ட ஒரு குற்றத்தோடு தொடர்புபடுத்தும் முன்தகவல் உங்களிடம் இருந்ததா, ஆம், இல்லை. 2017இல் ஏறத்தாழ 32,000 ஆக இருந்த நிறுத்தங்கள் அடுத்த ஆண்டில் 19,000 ஆகக் குறைந்தன. கறுப்பினத்தவரை நிறுத்துவது மட்டும் 43 விழுக்காடு குறைந்தது. நகரில் குற்றம் அதனால் கூடவில்லை.