முதல்ல வந்தவருக்கு ஏன் மஞ்சள் சட்டை இல்லை? பல நாள் சைக்கிள் பந்தயத்தைப் புரிந்துகொள்வது எப்படி?

விருதுநகர் - சிவகாசி சாலையில் ஆமத்தூர் பக்கம் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டியே போனால், மிதிப்பது லேசாகிவிடும். "நீ கொஞ்ச நேரம் முன்னாடி போடா" என்று சொல்லி, மாற்றி மாற்றிப் போவோம். மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயமே இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

இது இனி தூரத்துச் சமாச்சாரமும் இல்லை. 2026 ஜனவரி 19 முதல் 23 வரை புனே கிராண்ட் டூர் நடந்தது. சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பின் 2.2 தரத்தில், சுமார் 437 கி.மீ. தூரம். வெளிநாட்டு அணிகளும் நம் வீரர்களும் ஒரே சாலையில் ஓட்டினார்கள். ஆனால், டிவியில் பார்க்கும் பலருக்கும் முதல் பத்து நிமிடத்திலேயே குழப்பம் வந்துவிடும். அந்தக் கேள்விகளையே எடுத்துக்கொள்வோம்.

"முதல்ல வந்தவன்தானே ஜெயிச்சவன்?"

அன்றைய கட்டத்தை ஜெயித்தவர் அவர். பந்தயத்தை ஜெயித்தவர் வேறொருவராக இருக்கலாம். டூர் டி பிரான்ஸில் 21 கட்டங்கள், சுமார் 3,400 கி.மீ. ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்ட நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவருக்கு மஞ்சள் சட்டை. ஒரு கட்டத்தில்கூட முதலாவதாக வராமலேயே பட்டம் வென்றவர்கள் உண்டு.

1989-ல் கடைசி நாள். பிரான்ஸின் லோரான் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலையில் இருந்தார். மிச்சம் இருந்தது, ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓட்டும் 24.5 கி.மீ. மட்டுமே. அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட், காற்றைக் கிழிக்கும் வடிவிலான ஹெல்மெட், நீட்டிய கைப்பிடியுடன் வந்தார். ஃபின்யோன் ஹெல்மெட் இல்லாமல், குடுமி பறக்க ஓட்டினார். மூன்று வாரக் கணக்கு முடிந்தபோது லெமாண்ட் 8 விநாடியில் ஜெயித்திருந்தார். இன்றுவரை அதுதான் மிகக் குறைந்த வித்தியாசம்.

"சட்டை ஏன் இத்தனை கலர்?"

ஒரே சாலையில் பல பந்தயம் நடப்பதால்தான். கட்ட முடிவுகளிலும் இடையிலும் புள்ளி குவிப்பவருக்குப் பச்சை. மலையேற்றத்தில் புள்ளி சேர்ப்பவருக்கு வெள்ளையில் சிவப்புப் பொட்டு. இளம் வீரர்களில் முதலிடத்துக்கு வெள்ளை. மஞ்சளுக்குப் பின்னால் ஒரு பத்திரிகை இருக்கிறது. 1903-ல் இந்தப் பந்தயத்தைத் தொடங்கியதே விற்பனையைக் கூட்ட நினைத்த 'லோட்டோ' என்ற நாளிதழ்தான். அது அச்சானது மஞ்சள் தாளில். 1919-ல் அதே நிறம் சட்டைக்கு வந்தது. இத்தாலியின் ஜிரோவுக்கு இளஞ்சிவப்புச் சட்டை வந்ததும், அங்கே பந்தயத்தை நடத்திய நாளிதழின் தாள் நிறத்தால்தான்.

"ஜெயிக்கிறது ஒருத்தர். அப்புறம் டீம் எதுக்கு?"

இங்கேதான் ஆமத்தூர் எதிர்காற்று வருகிறது. சமதளத்தில் வேகமாகப் போகும்போது வீரரின் பலத்தில் பெரும்பங்கைக் காற்றே தின்றுவிடும். இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் போனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். அதனால் எட்டுப் பேர் கொண்ட அணியில் ஏழு பேர் தலைவருக்காகக் காற்றை வாங்குகிறார்கள். பின்னால் வரும் காருக்குப் போய்த் தண்ணீர் பாட்டில்களைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வருவதும் அவர்கள்தான். இவர்களுக்கு 'டொமெஸ்டிக்' என்று பெயர். பிரெஞ்சில் அதற்கு வேலைக்காரர் என்று அர்த்தம்.

1934-ல் 20 வயது ரெனே வியெட்டோ, தலைவர் அந்தோனின் மாஞ்யின் சைக்கிள் பழுதானபோது தன் சக்கரத்தையே கழற்றிக் கொடுத்தார். மாற்றுச் சக்கரம் வரும்வரை சாலையோரச் சுவரில் அழுதபடி உட்கார்ந்திருந்த அவரது படம் இன்றும் பிரபலம். பட்டம் மாஞ்யுக்குப் போனது. இப்போதும் டூர் டி பிரான்ஸ் சாம்பியன் தன் 5 லட்சம் யூரோ பரிசை அணியோடு பங்கிட்டுக்கொள்வதே வழக்கம். யார் காற்றில் வந்தோம் என்று அவருக்குத் தெரியும்.

"உழைச்சவனுக்கு முறை வரவே வராதா?"

2023-ல் வந்தது. அமெரிக்காவின் செப் குஸ், ஜம்போ-விஸ்மா அணியின் மலையேற்ற உதவியாளர். அந்த ஆண்டு ஜிரோவில் பிரிமோஷ் ரோக்லிச்சுக்கும், டூர் டி பிரான்ஸில் யோனாஸ் விங்கேகோருக்கும் உழைத்தார். இருவரும் ஜெயித்தார்கள். மூன்றாவதாக ஸ்பெயினின் வுவெல்ட்டாவில் தற்செயலாக முன்னிலை அவரிடமே வந்து சேர்ந்தது.

17-வது கட்டம், ஆங்லிரு மலை. அந்த இரண்டு தலைவர்களும் குஸ்ஸைப் பின்னால் விட்டுவிட்டு ஏறிப் போனார்கள். அவரிடம் மிஞ்சியது 8 விநாடி முன்னிலை. "இத்தனை நாள் இழுத்தவனுக்கு இதுதானா?" என்று ரசிகர்கள் கொதித்தார்கள். மறுநாள் முதல் அணி குஸ்ஸைக் காத்து நின்றது. மாட்ரிட்டில் குஸ் முதலிடம், விங்கேகோர் 17 விநாடி பின்னால், ரோக்லிச் மூன்றாமிடம்.

"எல்லாம் ஊசி போட்டு ஓட்டுறாங்களாமே?"

நியாயமான சந்தேகம். 1999 முதல் 2005 வரை ஏழு பட்டம் வென்ற லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், ஊக்கமருந்துக் குற்றத்துக்காக 2012-ல் ஏழையும் இழந்தார். அந்த ஏழு ஆண்டுகளுக்கு இன்றும் சாம்பியன் பெயரே கிடையாது. பிறகு சோதனைகள் கடுமையாகியிருக்கின்றன. ஆனாலும் அதிசய வேகத்தைப் பார்த்தால் ரசிகர்கள் கைதட்டிக்கொண்டே கொஞ்சம் யோசிக்கவும் செய்கிறார்கள்.

"சரி, எப்பப் பாக்குறது?"

ஜூலையில் பெரும்பாலான கட்டங்கள் நம் நேரப்படி இரவு 9 மணியை ஒட்டி முடியும். பட்டறை வேலை முடிந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு உட்காரத் தோதான நேரம். புதிதாகப் பார்ப்பவர்கள் மலைக் கட்டத்தில் தொடங்கலாம். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு 36 கொண்டை ஊசி வளைவோடு ஏறும் கல்லட்டி பாதையைப் பார்த்தவர்களுக்கு, 21 வளைவுள்ள ஆல்ப் டியூஸ் மலை புரியும். ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்றின் மறைவு அதிகம் உதவாது. யார் காலில் எவ்வளவு மிச்சம் என்பது வெளியே வந்துவிடும்.

கடைசி 20 கி.மீ.யில் கூட்டத்தின் முன்னால் ஒரே நிறச் சட்டைகள் வரிசையாகப் போகும். ஒருவர் இழுத்து ஓய்ந்து விலகுவார், அடுத்தவர் வருவார். அந்த வரிசையை எண்ணுங்கள். தலைவருக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்று தெரிந்தால், அன்றைய கதை பாதி தெரிந்துவிடும்.