டெர்ரியா, லண்டன்டெர்ரியா?

ஐர்லாந்தின் வடமேற்கில், பாயில் நதிக்கரையில், மதில் சூழ்ந்த பட்டணம் ஒன்று இருக்கிறது. அதன் பெயரை ஒருவர் உச்சரித்த மாத்திரத்தில் அவர் எக்கட்சியினர் என்று அவ்வூரார் ஊகித்துவிடுவார்கள். தேசீயவாதிகள் டெர்ரி என்பார்கள். பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்புவோர் பெரும்பாலும் லண்டன்டெர்ரி என்பார்கள். வித்தியாசம் ஒரு சொல்லே. ஆயினும் அதன் பின்னே நானூறு வருஷத்துச் சரித்திரம் நிற்கிறது. ஐர்லாந்துச் செய்திகளை வெளியிடும் நமக்கு எப்பெயரை அச்சிடுவது என்ற கேள்வி அடிக்கடி எழுவதால், விஷயத்தைச் சிறிது ஆராய்வோம்.

டெர்ரி என்பது ஆதியில் ஆங்கிலச் சொல்லன்று. ஐரிஷ் பாஷையில் ‘தெரெ’ என்றால் ஓக் மரத்தோப்பு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த கொலம்பா முனிவர் அங்கு மடம் நிறுவினார் என்பது மரபு. அதனால் ‘கொலம்பாவின் தோப்பு’ என்றும் அவ்வூர் வழங்கிற்று. ஐரிஷ்காரரின் முதலெழுத்து, நமது தகரத்தைப் போல் நாக்குப் பல்லிற்பட ஒலிப்பது. ஆங்கிலேயர் வாயில் அது டகரமாயிற்று.

‘லண்டன்’ வந்து ஒட்டியது அரசாணையினால். முதலாம் ஜேம்ஸ் மன்னர் அல்ஸ்டர் மாகாணத்தில் சுதேசிகளின் நிலங்களைப் பறித்து, இங்கிலாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் குடிகளைக் கொணர்ந்து அமர்த்தினார். பட்டணத்தைக் கட்டும் பொறுப்பு லண்டன் நகர வர்த்தக சங்கங்களிடம் விடப்பட்டது. 1613-ம் வருஷத்துச் சாஸனம் ஊருக்கு லண்டன்டெர்ரி என்று பெயர் சூட்டிற்று. முதல் போட்டவன் தன் பெயரைத் தோப்பின் முன்னே பொறித்தான் என்பதே இதன் தாத்பரியம். ஊர்ப் பெயராகச் சொல்லுங்கால் ‘டெர்ரி’ என்ற பகுதி தெளிவாகக் கேட்கும். லண்டன்டெர்ரிப் பிரபுவின் பட்டத்தைச் சொல்லுங்காலோ ‘லண்டன்ட்ரி’ என்று சுருக்குவது வழக்கம். பிரபுவின் பட்டத்தில் தோப்பு அநேகமாகத் தேய்ந்தே போயிற்று!

ஆனால் வழக்காறு கட்சிக்காரர் எண்ணுவதைப் போல் அவ்வளவு எளிதன்று. 1689-ல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் சேனை முற்றுகையிட்டபோது, புரொடெஸ்டண்டுகள் 105 நாள் பட்டினி கிடந்து ஊரைக் காத்தனர். அதைக் கொண்டாடும் புரொடெஸ்டண்டுச் சங்கத்தின் பெயரே ‘டெர்ரியின் அப்பிரண்டிஸ் பையன்கள்’ என்பது! அவர்களுடைய திருச்சபையும் தன் மேற்றிராசனத்தை டெர்ரி என்றே அழைக்கிறது. எனவே டெர்ரி ஒரு கட்சியாரின் தனிச்சொத்தன்று.

பின்னர் அப்பெயர் சண்டைக்குக் கொடியானது ஏன்? கத்தோலிக்கர் பெரும்பான்மையாயிருந்தும், வட்டாரங்களைச் சூழ்ச்சியாகப் பிரித்து நகரசபையைச் சிறுபான்மையோர் தம் கையில் வைத்திருந்தனர். வீடும் வோட்டும் கேட்டு 1968 அக்டோபர் 5-ல் ஊர்வலம் போனவர்களைப் போலீஸார் தடியால் அடித்தனர். 1972 ஜனவரி 30-ல் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் 13 பேர் அன்றே மாண்டனர். இரத்தம் சிந்திய இடத்தில் எழுத்துக்கும் பகை பிறப்பது இயல்பே. பாதைப் பலகைகளில் ‘லண்டன்’ என்ற பகுதியை இரவில் மை பூசி அழிப்பது அங்கே சாதாரணமாயிற்று.

வோட்டின் பலம் கிடைத்த பின், 1984-ல், சபை தன் பெயரை டெர்ரி நகரசபை என்று மாற்றிக்கொண்டது. அதனால் ஊரின் பெயரும் மாறிவிட்டதென்று அது வாதித்தது. 2007-ல் ஹைகோர்ட்டு அதை ஒப்பவில்லை: 1662-ம் வருஷத்து ராஜ சாஸனம் தந்த பெயரைச் சட்டத்தாலோ அரச அதிகாரத்தாலோ மட்டுமே மாற்றலாம் என்று தீர்ப்பளித்தது. சட்டம் கற்றோர் இத்தீர்ப்பைக் குறைகூற இடமில்லை. ஆனால் ஊராரைக் கேளாமல் இட்ட பெயருக்கு அன்று மன்னரின் முத்திரை போதுமாயிருந்தது; ஊரார் தேர்ந்த சபை மாற்ற முயன்றால் அது போதவில்லை. குறை நீதிபதியிடம் இல்லை. சாஸனத்தின் பிறப்பிலேயே இருக்கிறது.

தெற்கே நாலாம் ஜார்ஜ் மன்னரின் வருகைக்காக 1821-ல் கிங்ஸ்டவுன் ஆக்கப்பட்ட துறைமுகம், 1920-ல் டன் லேரி என்ற ஐரிஷ் பெயருக்குத் திரும்பியது. டெர்ரியின் நிலைமை வேறு. அங்கே மற்றப் பெயரையும் தம் பாட்டனார் தேடிய சொத்தாகக் கருதும் அயலார் வாழ்கின்றனர். 2013-ல் நடந்த கலாசார விழாவுக்கு இரு பெயர்களையும் சேர்த்தே எழுதினார்கள்.

நமது தீர்மானம் இது: ஊரைக் குறிக்க நாம் டெர்ரி என்றே அச்சிடுவோம், அது சாஸனத்துக்கு முந்தியது, இரு சாராரும் வழங்கியது. பிறர் பேச்சிலும் சட்டத்திலும் லண்டன்டெர்ரி வருமிடத்து, அதைத் திருத்தோம். பெயரை மீட்பது தேசபக்தி. அடுத்த வீட்டானின் நாவைக் கட்டுவது தேசபக்தியாகாது. மை பூசிய பலகை வாதத்தில் வென்றதாகாது. மனம் இசைந்து மாறும் பெயரே நிலைக்கும்.